மேசை விரிப்பில் கொட்டிய ஒயின்... உலகுக்குக் கிடைத்த கண்ணாடி பேப்பர்! - ஜாக் பிராண்டன்பெர்கரின் கதை

ஸ்வீட் பாக்ஸைச் சுற்றியிருக்கும் பளபள உறை, பொக்கேயைச் சுற்றியிருக்கும் சரசர தாள், ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக ஸ்டேஷனரி கடையில் வாங்கிய சிவப்பு, மஞ்சள் ஷீட்... இதையெல்லாம் நாம எப்படிக் கேட்டு வாங்குவோம்? கண்ணாடி பேப்பர். கொஞ்சம் ஸ்டைலாகச் சொன்னா, செலோபேன் பேப்பர்.

இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு. இன்னிக்குக் கடையில் செலோபேன்னு சொல்லித் தர்றது பெரும்பாலும் செலோபேனே கிடையாது. அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். மண்ணில் போட்டால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கிடக்கும். ஒரிஜினல் செலோபேன் அப்படியில்லை. மரக்கூழிலிருந்து வந்தது, பூச்சு எதுவும் இல்லாத தாள் என்றால், மண்ணுக்குள் போன சில வாரங்களிலேயே மக்க ஆரம்பித்துவிடும்.

மக்கும் பேக்கேஜிங் என்பது ஏதோ நேற்று ஸ்டார்ட்அப் ஆட்கள் கண்டுபிடித்த ஐடியா மாதிரி இப்போ பேசப்படுது. ஆனா, உணவை உள்ளே வைத்து வெளியிலிருந்து பார்க்கும்படி சுற்றித் தந்த முதல் பிரபலமான ஃபிலிமே மக்கும் ஃபிலிம்தான். நூறு வருஷத்துக்கு முன்பே அது கடைகளுக்கு வந்துவிட்டது. அதைத் தந்தவர் ஜாக் எட்வின் பிராண்டன்பெர்கர். அவர் உணவுக்காகவும் யோசிக்கவில்லை, சுற்றுச்சூழலுக்காகவும் யோசிக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது, கறை படியாத ஒரு மேசை விரிப்பு. அவ்வளவுதான்!

22 வயதில் டாக்டர்

1872 அக்டோபர் 19. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தார் பிராண்டன்பெர்கர். படிப்பில் கெட்டி. பெர்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, 1895-ல் டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தபோது அவருக்கு வயது 22.

அந்தக் காலத்தில் வேதியியல் படித்தவர்களுக்குப் பெரிய வேலைவாய்ப்பு கொடுத்த துறைகளில் ஒன்று, ஜவுளி. துணியை வெளுக்க, சாயம் ஏற்ற, பளபளப்பாக்க என எல்லாவற்றுக்கும் கெமிஸ்ட் தேவை. பிராண்டன்பெர்கரும் எல்லை தாண்டி பிரான்ஸுக்குப் போனார். வோஜ் மலைப்பகுதியில் தாவோன் என்ற ஊரில் இருந்த, துணி வெளுத்து சாயமிடும் பெரிய ஆலையில் வேலை செய்தார்.

துணி என்றால் பருத்தி. பருத்தி என்றால் செல்லுலோஸ். மரம், வைக்கோல், வாழைநார், நாம எழுதுற பேப்பர் எல்லாவற்றுக்கும் உடம்பு இந்த செல்லுலோஸ்தான். பிராண்டன்பெர்கர் தினமும் கையில் தொட்டு வேலை பார்த்த பொருளும் இதுதான். அவருடைய அடுத்த 50 வருஷ வாழ்க்கையை இந்த ஒரே பொருள்தான் தீர்மானிக்கப் போகிறது என்று அப்போது அவருக்கே தெரிந்திருக்காது.

ஒரு கிளாஸ் ஒயின்

1900-ம் ஆண்டு வாக்கில் நடந்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் கதை இது. பிராண்டன்பெர்கர் ஒரு ரெஸ்டாரன்ட்டில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து மேசைக்காரர் கைதவறி ஒயினைக் கொட்டிவிடுகிறார். வெள்ளை விரிப்பு முழுக்க சிவப்பு. சர்வர் ஓடி வந்து, அந்த விரிப்பை உருவிவிட்டுப் புதுசு விரிக்கிறார்.

மற்றவர்களுக்கு அது ஒரு நிமிஷ சலசலப்பு. துணிக்கும் சாயத்துக்கும் நடுவிலேயே வாழ்கிற ஒரு கெமிஸ்ட்டுக்கு அது ஒரு கேள்வி. திரவம் எது கொட்டினாலும் உள்ளே இறங்காமல், ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் சுத்தமாகிவிடும் துணியை ஏன் செய்யக் கூடாது?

அதற்கு அவர் கையில் எடுத்தது விஸ்கோஸ். 1892-ல் கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று ஆங்கிலேய வேதியியலாளர்கள் கண்டுபிடித்த கெட்டியான திரவம் அது. செல்லுலோஸை ரசாயனங்களால் கரைத்து, தேன் பதத்துக்குக் கொண்டுவந்தால் விஸ்கோஸ். அதை நூலாக இழுத்துத்தான் ரேயான் துணி செய்கிறார்கள். பிராண்டன்பெர்கர் அதையே துணிமேல் பூசிப் பார்த்தார்.

ரிசல்ட்? ஃபெயிலியர். துணி அட்டை மாதிரி விறைத்துப் போனது. மடிக்க முடியவில்லை, மேசையின் ஓரத்தில் தொங்கவும் இல்லை. அப்படி ஒரு விரிப்பை எந்த ரெஸ்டாரன்ட்டும் வாங்காது.

ஆனால், தோற்றுப்போன அந்தத் துணியில் அவர் இன்னொன்றைக் கவனித்தார். மேலே பூசிய பூச்சு, துணியிலிருந்து ஒரே தோலாக உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. மெல்லிசு, கண்ணாடி மாதிரி தெளிவு, ஆனால் வளைகிறது. துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தத் தோலைக் கையில் எடுத்துக்கொண்டார் பிராண்டன்பெர்கர்.

மரத்தைக் கரைத்து, மறுபடியும் தாளாக்கி...

ஒரு துண்டு உரிந்து வருவது வேறு, கிலோமீட்டர் கணக்கில் ஒரே தடிமனில் உருட்டி எடுப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் செலவழித்த காலம் கிட்டத்தட்ட பத்து வருஷத்துக்கும் மேல்!

அந்தத் தயாரிப்பு முறையைச் சிம்பிளாகப் பார்த்துவிடலாம். மரக்கூழை காஸ்டிக் சோடாவில் ஊறவைக்க வேண்டும். அதோடு கார்பன் டைசல்ஃபைடு என்ற ரசாயனத்தைச் சேர்த்தால் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு பொருள் வரும். அதை மறுபடி காஸ்டிக் சோடாவில் கரைத்தால் விஸ்கோஸ் ரெடி. இதை மெல்லிய, நீளமான ஒரு இடுக்கு வழியாக அமிலத் தொட்டிக்குள் செலுத்த வேண்டும். அமிலம் பட்டதும் திரவம் கெட்டியாகி, மறுபடி செல்லுலோஸாக மாறிவிடும். ஆனால் இப்போது தாள் வடிவத்தில். பிறகு கழுவி, வெளுத்து, கிளிசரினில் தோய்த்து, உருளைகளில் காயவைக்க வேண்டும். கிளிசரின் எதற்கு? தாள் அப்பளம் மாதிரி நொறுங்காமல் வளைந்துகொடுக்க!

அதாவது, மரத்தைக் கரைத்து மறுபடி மரத்தின் அதே பொருளாக மாற்றுவதுதான் இந்த மொத்த வித்தையும். நாம எழுதுற பேப்பரும் செல்லுலோஸ், இதுவும் செல்லுலோஸ். பேப்பரில் நார்கள் தாறுமாறாகக் கிடந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அந்தப் பக்கம் தெரியாது. இதில் நாரே இல்லை, அதனால் தெரிகிறது. நம்ம ஊர்க்காரர்கள் இதற்கு கண்ணாடி பேப்பர் என்று பெயர் வைத்தது, வேதியியல் கணக்கிலும் பக்கா கரெக்ட்!

1908-ல் இந்தத் தாளைத் தயாரிக்கும் முதல் இயந்திரத்தை உருவாக்கினார் பிராண்டன்பெர்கர். ஆரம்பத்தில் வந்த தாள் தடிமனாக இருந்தது. விடாமல் மெருகேற்றி, 1912 வாக்கில் விற்கக்கூடிய அளவுக்கு மெல்லிசாக, வளையக்கூடியதாக மாற்றினார். பெயரும் வைத்தார். செல்லுலோஸ் என்ற சொல்லின் முன்பாதியும், ஒளி ஊடுருவும் என்று அர்த்தம் தரும் டையாஃபேன் என்ற பிரெஞ்சுச் சொல்லின் பின்பாதியும் சேர்ந்து செலோபேன். 1913-ல் லா செலோபேன் என்ற நிறுவனமும் பிறந்தது. பின்னர் தன் காப்புரிமைகளை அவர் அந்த நிறுவனத்துக்கே மாற்றிக் கொடுத்தார்.

சாக்லேட்டுக்கு ஓகே, கேக்குக்கு நோ!

ஆரம்பத்தில் செலோபேன் சாமானியர்களுக்கான பொருளாக இல்லை. விலை அதிகம். பரிசுப் பொருள்கள், ஆடம்பரப் பொருள்கள்மேல்தான் அதைச் சுற்றினார்கள். அமெரிக்காவின் விட்மன்ஸ் சாக்லேட் நிறுவனம், 1912-லேயே பிரான்ஸிலிருந்து இறக்குமதி செய்து தன் சாக்லேட்களைச் சுற்றியது. முதல் உலகப்போர் வந்தபோது, விஷவாயு முகமூடிகளில் கண் பகுதிக்கும் இந்த ஃபிலிம் பயன்பட்டது.

1923-ல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனம், செலோபேனை அங்கே தயாரிக்கும் உரிமையைப் பெற்றது. அடுத்த வருஷமே நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகரில் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. இனி எல்லா உணவுப் பொருளுக்கும் கண்ணாடி உடைதான் என்று நினைத்திருப்பார்கள்.

அங்கேதான் சிக்கல். செலோபேனைத் தாண்டி காற்றும் வாசனையும் எண்ணெய்ப் பசையும் அவ்வளவு சுலபமாகப் போகாது. ஆனால், நீராவி? தாராளமாகப் போய் வரும்! செல்லுலோஸ் இயல்பிலேயே தண்ணீர்ப் பிரியர். பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சுவதும் இந்தக் குணத்தால்தான். விளைவு, உள்ளே வைத்த கேக் காய்ந்துபோனது. ஈரக்காற்று பட்ட மிட்டாய் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது. தூசியிலிருந்து காப்பாற்றிய தாளால், ஈரத்திலிருந்து காப்பாற்ற முடியவில்லை.

யோசித்துப் பாருங்க. தண்ணீர் ஒட்டாத துணியைத் தேடிக் கிளம்பியவர் பிராண்டன்பெர்கர். அவர் தேடலில் கிடைத்த பொருளுக்குத் தண்ணீர்தான் வில்லன்!

இந்தச் சிக்கலைத் தீர்த்தது அவர் இல்லை. டுபான்ட்டில் வேலை பார்த்த வில்லியம் ஹேல் சார்ச் என்ற இளம் வேதியியலாளரும் அவருடைய சக ஆய்வாளர் கார்ல் பிரிண்டிலும்தான். இரண்டாயிரத்துக்கும் அதிகமான கலவைகளைச் சோதித்துப் பார்த்து, 1927-ல் விடையைப் பிடித்தார்கள். நைட்ரோசெல்லுலோஸ், மெழுகு, இரண்டையும் இணங்கவைக்கும் வேறு சில பொருள்கள்... இவற்றைக் கலந்து, செலோபேனின் தெளிவு கெடாத அளவுக்கு மிக மிக மெல்லிய பூச்சாகப் பூசினார்கள். நீராவி நின்றது. விற்பனை எகிறியது. 1928-லிருந்து 1930-க்குள் விற்பனை மூன்று மடங்கானது. 1938-ல் டுபான்ட்டின் மொத்த விற்பனையில் 10 சதவிகிதம், லாபத்தில் 25 சதவிகிதம் செலோபேனிலிருந்து வந்தது.

கண்ணால் பார்த்து வாங்கும் காலம்

அதுவரை பலசரக்குக் கடை என்றால், கடைக்காரர் எடுத்து, எடைபோட்டு, பேப்பரில் கட்டிக் கொடுப்பதுதான். வாடிக்கையாளர் தானே எடுத்துக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட் வளர, உள்ளே இருப்பதைக் காட்டும் உறை தேவைப்பட்டது. பிரெட், பிஸ்கட், பழம், இறைச்சி என எல்லாம் கண்ணாடித் தாளுக்குள் வந்தன. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, பிடிக்கலைன்னா வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும் நம்ம ஷாப்பிங் பழக்கத்துக்கு, செலோபேனும் ஒரு முக்கியக் காரணம்.

இறைச்சிக்காக ஒரு தனி ரகமே வந்தது. இறைச்சி சிவப்பாகத் தெரிய கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும். அதே சமயம் ஈரம் வெளியேறிக் காய்ந்துவிடவும் கூடாது. அதனால் தாளின் ஒரு பக்கம் மட்டும் பூச்சு பூசி, பூசாத பக்கம் இறைச்சியைத் தொடும்படி சுற்றினார்கள். உணவின் குணத்துக்கு ஏற்ப உறையின் குணத்தை மாற்றுவது என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் மறுபடி இங்கேதான் வரப்போறோம்.

1930-ல் செலோபேன்மேல் பசை தடவிய ஒட்டும் டேப் அமெரிக்காவில் வந்தது. 1934-ல் கோல் போர்ட்டர் எழுதிய ஹிட் பாடல் ஒன்றில், உலகின் உன்னதமான விஷயங்களின் பட்டியலில் செலோபேனும் இடம்பிடித்தது. 1936-ல் அமெரிக்க நீதிமன்றம், இந்தப் பெயர் பொதுச்சொல்லாகவே மாறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. 1937-ல் அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட், பிராண்டன்பெர்கருக்கு எலியட் கிரெசன் பதக்கம் வழங்கியது.

பளபளப்புக்குப் பின்னால்...

இந்தக் கதையில் பேசியே ஆக வேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கு. மரக்கூழைக் கரைக்கப் பயன்படும் கார்பன் டைசல்ஃபைடு, மனிதர்களுக்கு விஷம். அந்த ஆவியைத் தினமும் சுவாசித்தால் நரம்பு பாதிக்கும், மனநிலை குலையும், இதயமும் தப்பாது. விஸ்கோஸிலிருந்து ரேயானும் செலோபேனும் செய்த ஆலைகளில் வேலை பார்த்த தொழிலாளர்கள் பலர் இதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். மக்கும் பொருள் என்பதாலேயே ஒரு பொருள் நல்ல பிள்ளை ஆகிவிடாது. அது எப்படித் தயாராகிறது என்பதும் முக்கியம்.

இன்னொரு விஷயம், அந்தப் பூச்சு. ஈரத்தைத் தடுக்கப் பூசப்பட்ட அதே பூச்சு, மண்ணில் மக்குவதையும் தாமதப்படுத்தும். பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் செல்லுலோஸைத் தின்ன, முதலில் ஈரம் உள்ளே போக வேண்டுமே! தண்ணீரை உள்ளே விடும் குணம்தான் செலோபேனின் பலவீனம். அது மண்ணுக்குத் திரும்பக் காரணமும் அதே குணம்தான்.

1954

1954 ஜூலை 13 அன்று, பிறந்த ஊரான சூரிச்சிலேயே காலமானார் பிராண்டன்பெர்கர். வயது 81. அவர் நினைவாக அவருடைய மகள் ஏற்படுத்திய அறக்கட்டளை, மனிதகுல நலனுக்காக உழைப்பவர்களுக்குப் பரிசு வழங்கி வருகிறது. 2006-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அரங்கிலும் அவர் பெயர் சேர்ந்தது.

அவர் இறந்த அதே 1954-ன் மார்ச் மாதத்தில், ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் இத்தாலியின் மிலான் நகரில், ஜூலியோ நாட்டா என்ற விஞ்ஞானி தன் ஆய்வகத்தில் புதுவகை பாலிப்ரொப்பிலீனை உருவாக்கியிருந்தார். 1960-களில் அதிலிருந்து வந்த ஃபிலிம், செலோபேனைவிட மலிவு. கூடுதல் பூச்சு இல்லாமலே ஈரத்தைத் தடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக செலோபேனின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. பெயரை மட்டும் நாம மாற்றவே இல்லை!

பாலிப்ரொப்பிலீனுக்குத் தண்ணீரோடு எந்த உறவும் கிடையாது. அதனால்தான் கேக் காயவில்லை. அதனால்தான் அது மக்கவும் இல்லை.

மறுபடியும் அதே கேள்வி

இப்போ உலகம் முழுக்க ஆய்வகங்களில் புது வகை மக்கும் ஃபிலிம்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டார்ச், கடல்பாசி, ஜெலட்டின், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசன் எனப் பல மூலப்பொருள்கள். இவை சும்மா சுற்றிக்கொண்டு நிற்கும் உறைகள் இல்லை. உணவைக் காப்பாற்றும் வேலையிலும் இறங்குகின்றன. அதனால்தான் ஆக்டிவ் பேக்கேஜிங் என்று பெயர்.

உதாரணமாக, ஃபிலிமுக்குள் கிராம்பு எண்ணெயோ பட்டை எண்ணெயோ கலந்தால், அது மெதுவாக வெளியே வந்து பூஞ்சையையும் பாக்டீரியாவையும் தடுக்கும். சில ஃபிலிம்கள், எண்ணெய்ப் பண்டம் காறிப்போகாமல் தடுக்கும் பொருள்களைச் சுமக்கின்றன. இன்னும் சில, கெட்டுப்போனால் நமக்குத் தகவலே சொல்லும். ஊதா முட்டைகோஸின் நிறமியைக் கலந்து செய்த ஃபிலிம், மீன் கெட ஆரம்பித்து அதிலிருந்து ஆவிகள் கிளம்பினால் நிறம் மாறிவிடும். பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்க்க வேண்டிய வேலையே இல்லை!

கேட்க சூப்பரா இருக்கு இல்லையா? ஆனா, இவை ஏன் இன்னும் நம்ம தெரு மளிகைக் கடை வரை வரவில்லை? விலை ஒரு காரணம். எண்ணெய் அதிகமானால் பிரெட்டில் கிராம்பு வாசனை அடிக்கும் என்பது இன்னொரு காரணம். இதோடு, பிராண்டன்பெர்கரின் அதே பழைய வில்லனும் இருக்கிறது: தண்ணீர்! ஸ்டார்ச்சும் கைட்டோசனும் ஜெலட்டினும் செல்லுலோஸ் மாதிரியே தண்ணீர்ப் பிரியர்கள். ஈரம் பட்டால் ஊறும், தளரும். ஈரத்தைத் தடுக்க மெழுகைக் கலக்கிறார்கள், நுண்ணிய களிமண் துகள்களைச் சேர்க்கிறார்கள், அடுக்கடுக்காகச் செய்கிறார்கள். 1927-ல் சார்ச் தேடிய அதே விடையைத்தான், மக்கும் தன்மையை இழக்காமல், இப்போது தேடுகிறார்கள்.

செலோபேனும் சாகவில்லை. மறுபடி மேடை ஏறியிருக்கிறது. கம்போஸ்ட் ஆகக்கூடிய பூச்சுகளோடு செல்லுலோஸ் ஃபிலிம்கள் இன்றும் தயாராகி, டீ, காபி, மிட்டாய் பாக்கெட்டுகளில் பயன்படுகின்றன.

நம்ம கையில் இருப்பது எது?

2022 ஜூலை 1 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பட்டியலில், ஸ்வீட் பாக்ஸ், அழைப்பிதழ், சிகரெட் பாக்கெட் மேல் சுற்றும் பிளாஸ்டிக் ஃபிலிமும் உண்டு. அதனால் கையில் இருப்பது நிஜ செலோபேனா, பிளாஸ்டிக்கா என்பது வெறும் பொதுஅறிவுக் கேள்வி இல்லை.

வீட்டிலேயே ஒரு சின்ன டெஸ்ட். தாளில் ஒரு துண்டு வெட்டி தண்ணீரில் போடுங்க. பூச்சு இல்லாத நிஜ செலோபேன் என்றால் தண்ணீரைக் குடித்து, சுருண்டு, தளதளவென்று ஆகிவிடும். பிளாஸ்டிக் என்றால், எத்தனை நேரம் ஊறினாலும் எனக்கென்ன என்று அப்படியே கிடக்கும்.

அதே மாதிரி பாக்கெட்டில் மக்கும் என்று போட்டிருந்தால், எங்கே மக்கும் என்பதையும் பாருங்க. சோளத்திலிருந்து வரும் பி.எல்.ஏ போன்றவை சீக்கிரம் மக்க 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் தேவை. அது பெரிய கம்போஸ்ட் ஆலைகளில்தான் கிடைக்கும். வீட்டுத் தொட்டியில் புதைத்துவிட்டு அடுத்த மாசம் தோண்டினால், புதைத்தபடியே சிரிக்கும்.

பிராண்டன்பெர்கர் கடைசிவரை அந்தக் கறை படியாத மேசை விரிப்பைச் செய்யவே இல்லை. அந்த வேலையை நம் வீடுகளில் இப்போது பிளாஸ்டிக் விரிப்புகள் செய்கின்றன. ஒயினோ சாம்பாரோ, எது கொட்டினாலும் ஒரே துடைப்புதான். அவர் கேட்டதை பிளாஸ்டிக் கொடுத்துவிட்டது. அவர் தோல்வியிலிருந்து உரித்தெடுத்த தாளைத்தான், இப்போ மறுபடி தேடிக்கொண்டிருக்கிறோம்!